மூக்குத்தி எந்தப் பக்கம்? ஏஐ படங்களும் கொழும்பின் படக்காரர்களும்

அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டி வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரேயொரு படம். பழைய அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம். தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மற்ற அல்பங்கள் எல்லாம் 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அலுமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டவை. பிறகு போய்ப் பார்த்தபோது அல்பமும் இல்லை, அலுமாரியும் இல்லை. மாமா அந்த அட்டையை ஒரு கடித உறைக்குள் போட்டு என்னிடம் தந்து, "வடிவாப் பெருப்பிச்சு எடு" என்றார்.

கொழும்பில் இந்த வேலைக்குக் கடைக்கா பஞ்சம்? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நினைவு மலர், கல்யாணக் கார்ட், சாமத்திய வீட்டு அல்பம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை எல்லாவற்றையும் ஒரே மேசையில் முடித்துத் தருகிறார்கள். நான் போன கடையில் இருந்த தம்பி அட்டையை ஸ்கேன் பண்ணி, ஏதோவொரு செயலியில் ஏற்றி, எனக்கு வந்த தேத்தண்ணி ஆறுவதற்கு முன்பே திரையைத் திருப்பிக் காட்டினார். அம்மம்மா கலரில் இருந்தா. தோல் மினுங்கியது. கண்ணில் வெளிச்சம் விழுந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூட. எனக்கும் முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன். கனடாவிலிருந்து சின்னம்மாவின் பதில் வந்தது: "இது ஆர்?"

பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். வலது கன்னத்து அம்மைத் தழும்பு இல்லை. மூக்குத்தி இல்லை. புருவம் யாரோ தீட்டிவிட்டதுபோல ஒழுங்காக இருந்தது. திரையில் இருந்தவ ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் ஒரு வடிவான மனுசி. எங்களுக்கு முன்பின் தெரியாத மனுசி. கடைத் தம்பியிடம் சொன்னேன். "அண்ணை, அதுகள் நான் எடுக்கேல்லை. அது தானாச் செய்யிறது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தத் 'தானா'வுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன். ஓவியம் போச்சு, கலைஞன் போனான் என்ற கூச்சல்களைவிட இந்தச் சின்னச் சொல்லுக்குள்தான் விஷயம் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

புள்ளி மழைக்குள் மாடு

ஏஐ இணையத்தில் கிடக்கிற படங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பழைய ரிவியில் அலைவரிசை விட்டுப்போனால் திரை முழுக்கப் புள்ளி மழை பெய்யுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டின் படத்தின்மேல் அந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே போனால் கடைசியில் மாடு மறைந்து வெறும் மழை மிஞ்சும். ஒவ்வொரு படியிலும் "இதில் தூவப்பட்ட புள்ளி எது?" என்று ஊகிக்க ஒரு மென்பொருளைப் பழக்குகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இப்படிப் பழகிய பிறகு, அதன் கையில் வெறும் மழையைக் கொடுத்து, "இதற்குள் மாடு இருக்கிறது, புள்ளியை நீக்கு" என்றால், நீக்கிக்கொண்டே போய் முன்பு எங்கும் இல்லாத ஒரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். மேகத்தில் யானையைக் காண்கிற பிள்ளையின் வேலைதான். பிள்ளை கண்டதோடு விட்டுவிடும். இது மேகத்தைச் செதுக்கி யானையாக்கிவிடும்.

இந்த முறைக்கு டிஃபியூஷன் என்று பெயர். எண்ணம் 2015இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 2020இல் நல்ல படம் தரும் அளவுக்குத் தேறியது. சொல்லையும் படத்தையும் இணைக்கிற பாலத்தை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021இல் 'கிளிப்' என்ற பெயரில் வெளியிட்டது. இணையத்தில் திரட்டிய 40 கோடிப் படங்களையும் அவற்றோடு ஒட்டியிருந்த எழுத்துகளையும் காட்டி, எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் பொருந்தும் என்று அதைப் பழக்கியிருந்தார்கள். 2022 ஓகஸ்டில் ஸ்டேபிள் டிஃபியூஷன் வந்தது. அதை எவரும் இறக்கித் தன் கணினியிலேயே ஓட்டலாம். அதில் ஒரு தந்திரம் இருந்தது. 512க்கு 512 புள்ளி கொண்ட படத்தை நேராகக் கையாளாமல், 64க்கு 64 கட்டங்கள் கொண்ட ஒரு சுருக்கக் குறிப்பாக மடித்து, வேலை முழுவதையும் அந்த மடிப்புக்குள் செய்தார்கள். சாதாரண கணினி தாங்கியதற்குக் காரணம் அது. விரல், எழுத்து, நகை போன்ற பொடி விஷயங்களில் ஆரம்பகாலப் படங்கள் தடுமாறியதற்கும் அது ஒரு காரணம்.

பழைய படத்தைத் துலக்கித் தருகிற இன்றைய செயலிகள் பலவும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன. அம்மம்மாவின் அட்டையில் மூக்கு இருந்த இடம் சில சாம்பல் புள்ளிகள். அங்கே மூக்குத்தி இருந்ததா, வெறும் கறையா என்பது அந்தப் புள்ளிகளுக்கே தெரியாது. கையால் திருத்துகிற ஒருவர் அந்த இடத்தில் நிற்பார், யாரிடமாவது கேட்பார். மென்பொருள் நிற்பதில்லை. தான் கண்ட முகங்களில் இப்படிச் சாம்பலாகத் தெரிந்த மூக்குகள் பெரும்பாலும் எப்படி இருந்தனவோ அப்படி நிரப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். பெரும்பாலான மூக்குகளில் மூக்குத்தி கிடையாது. பெரும்பாலான கன்னங்களில் அம்மைத் தழும்பும் கிடையாது.

வெட்டி ஒட்டுவதில்லை என்றேன். அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே படம் பழக்கத் தொகுப்பில் திரும்பத் திரும்ப வந்தால் அது அப்படியே மனப்பாடமாகிவிடும். 2023இல் ஆய்வாளர்கள் சிலர் ஸ்டேபிள் டிஃபியூஷனைத் துருவி, பழக்கப் படங்களை ஏறக்குறைய அச்சொட்டாகத் திருப்பித் தந்த இடங்கள் நூறுக்கு மேல் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அடிக்கடி வந்தது மனப்பாடமாகிறது. அரிதாக வந்தது கரைந்து போகிறது. நம் விஷயத்தில் பெரிய தொல்லை இரண்டாவதுதான்.

இது எந்த ஊர், தம்பி?

அந்தப் 'பெரும்பாலும்' யாருடையது என்று கேட்டால் சில எண்கள் கிடைக்கின்றன. ஸ்டேபிள் டிஃபியூஷனைப் பழக்குவதற்குப் பயன்பட்ட லாயன்-5பி என்ற தொகுப்பில் 585 கோடிப் படங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு விளக்க வரி. அவற்றில் ஏறக்குறைய 232 கோடி ஆங்கில வரிகள். நூறுக்கு மேற்பட்ட மற்ற மொழிகள் எல்லாம் சேர்த்து 226 கோடி. மிச்சம் என்ன மொழி என்று பிரிக்க முடியாதவை. முதற் பதிப்புகள் பெரும்பாலும் அந்த ஆங்கிலப் பகுதியில்தான் பழகின. தமிழ் அந்த நூற்றுச் சொச்சத்தில் ஒன்று. அதற்குள்ளும் எங்கள் வீட்டையும் வளவையும் பெயர் சொல்லிக் காட்டிய வரி எத்தனை இருந்திருக்கும்?

இதை நான் பட்டு அறிந்தது 2023இல். எனக்குத் தொழில் புத்தகப் பக்க வடிவமைப்பு. வடமராட்சி எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதிக்கு அட்டை செய்ய வேண்டும். வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வழக்கமாகப் படம் கீறித் தருகிறவருக்குக் கொடுக்கக் காசும் இல்லை, அவகாசமும் இல்லை. சரி, ஏஐயிடம் கேட்போம் என்று இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை: கிடுகு வேலி, சங்கடப்படலை, துலாக் கிணறு, பின்னால் நாலு பனை.

பனை கேட்டேன், தென்னை வந்தது. விசிறி மாதிரி ஓலை என்று விளக்கினேன். பாலைவனத்துப் பேரீச்சை வந்தது. சங்கடப்படலைக்கு ஆங்கிலத்தில் சொல் கிடையாது. "கூரை வேய்ந்த சிறு வாசல்" என்று எழுதியதற்குப் பாலித் தீவுக் கோயில் வாசல் ஒன்று, கேரளத்துத் தரவாட்டு முகப்பு ஒன்று. துலா ஒருமுறை கப்பல் பாய்மரமாகவும் ஒருமுறை தூக்குமரமாகவும் வந்தது (அதைப் பார்த்துத் தனியே இருந்து சிரித்தேன், பிறகு பயந்தேன்). பன்னிரண்டு மணிக்குத் தோற்றுப்போய், மாலைச் செவ்வானத்தில் எல்லாம் நிழலாகத் தெரிகிற ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். நிழலில் தென்னைக்கும் பனைக்கும் வித்தியாசம் பிடிபடாது என்று ஒரு நப்பாசை. விழா கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கிய முதியவர் ஒருவர் அட்டையைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இது எந்த ஊர்?"

பதில் என்னிடம் இருக்கவில்லை. அந்தப் படத்துக்கு ஊரே கிடையாது.

வேறு சில தடவைகள் இலங்கைத் தமிழ்ப் பெண் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கொழுந்துக் கூடையோடு ஒருத்தி வருவாள். அல்லது முள்ளுக்கம்பிக்குப் பின்னால் ஒருத்தி. வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடு விலை பேசுகிறவளோ, கணக்காய்வுப் பரீட்சைக்கு விழுந்து படிக்கிறவளோ வந்ததில்லை. காரணம் ஊகிக்கக்கூடியது. 'இலங்கை', 'தமிழ்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு படத்துக்குக் கீழே எழுதப்படுவது பெரும்பாலும் செய்தி நிறுவனப் படங்களிலும் தேயிலை விளம்பரங்களிலும்தான். மணப்பெண் கேட்டால் வடநாட்டு நெற்றிச்சுட்டி தப்பாமல் வரும். எங்கள் கூறையும் தாலிக்கொடியும் வராது. புதிய பதிப்புகள் இதிலெல்லாம் தேறி வருகின்றன. ஆனாலும் பெயர்ப்பலகையில் தமிழ் எழுதச் சொன்னால் 'ழ'வுக்கும் 'ஐ'க்கும் பிறந்த மாதிரி ஒரு எழுத்து இன்னும் எட்டிப் பார்க்கிறது.

கோயில் நோட்டீஸ்கள் தனிக் கதை. அண்மையில் ஒரு திருவிழா அறிவித்தலில் ஆறுமுகப் பெருமான் தகதகவென்று வந்திருந்தார். குருக்கள் ஐயா விரலை மடித்து மடித்து எண்ணி, "கை பதினொண்டுதானே கிடக்கு" என்றார். சிற்ப மரபில் எந்தக் கையில் எந்த ஆயுதம் என்பதுகூட அளந்து சொல்லப்பட்டது. அது அலங்காரக் கணக்கு இல்லை, அதுதான் அந்த உருவம் இன்னதென்று சொல்கிறது. மென்பொருளுக்கு அது 'நிறையக் கைகள்' என்ற ஒரு பாணி. இலட்சணம் அதற்குத் தெரியாது. இலட்சணமாக இருப்பது எப்படித் தோன்றும் என்பது மட்டும் தெரியும்.

வென்டின் கமரா

இயந்திரம் தொட்டால் கலை தீட்டுப்பட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. 1943இல் இங்கே '43 குழு' உருவாகி ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ் போன்றவர்களின் நவீன ஓவியத்துக்குத் தோள் கொடுத்தபோது, அதற்கு அச்சாணியாக நின்ற லயனல் வென்ட் தூரிகைக்காரர் இல்லை, ஒளிப்படக்காரர். கமரா என்ற இயந்திரத்தோடு இருட்டறைக்குள் நின்று, ஒன்றின்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கியும் பாதி கழுவிய படத்தில் வெளிச்சத்தைத் திருப்பிப் பாய்ச்சியும் 1930களிலேயே வேடிக்கை காட்டியவர். இயந்திரம் அவருக்கு வேலையைக் குறைக்கவில்லை. எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எத்தனை விநாடி ஒளி காட்டுவது என்று ஒவ்வொன்றையும் அவரேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஏஐயிடமும் மணிக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. ஜேசன் அலன் என்ற அமெரிக்கர் 2022இல் கொலராடோ மாநிலச் சந்தையின் கலைப் போட்டியில் மிட்ஜேர்னி என்ற ஏஐ செயலியில் செய்த படத்துக்கு முதற் பரிசு பெற்றாரே, அவர் 624 தடவை கட்டளையை மாற்றி மாற்றி எழுதியதாகச் சொன்னார். நான் அதை உழைப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த உழைப்பு எந்த வகை என்பதுதான் கேள்வி. ஒரு படத்துக்குள் ஆயிரம் சின்ன முடிவுகள் கிடக்கின்றன: நிழல் எந்தப் பக்கம், சேலைத் தலைப்பு எப்படி விழுகிறது, கிழவரின் காலில் செருப்பு உண்டா. கட்டளை எழுதுகிறவர் அதில் பத்தையோ இருபதையோ சொல்கிறார். மிச்சத்தை அந்தப் 'பெரும்பாலும்' நிரப்புகிறது. பிறகு கடையில் சேலை பார்ப்பதுபோல வந்தவற்றுக்குள் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார். தெரிவும் ஒரு திறமைதான்; நெய்வது வேறு திறமை.

எல்லா வேலைக்கும் நெசவு தேவைப்படுவதில்லை என்பதும் உண்மை. மணவறை சோடிக்கிறவர் ஒருவர் வாடிக்கையாளருக்குப் பத்து மாதிரிகளை ஏஐயில் எடுத்துக் காட்டி, "இதிலை எது?" என்று கேட்கிறார், எவருக்கும் நட்டமில்லை, வீண் சண்டையும் குறைகிறது. 2025 மார்ச்சில் ஊரெல்லாம் தங்கள் குடும்பப் படத்தை ஜப்பானிய ஜிப்லி ஸ்ரூடியோவின் கார்ட்டூன் பாணிக்கு மாற்றிப் போட்டார்களே, அந்த முதல் வாரத்தில் மட்டும் 13 கோடிப் பேர் 70 கோடிக்கு மேல் படங்கள் உண்டாக்கியதாக ஓப்பன்ஏஐ சொன்னது. எங்கள் மாடிவீட்டுத் தொடரில் நாலாம் மாடி அங்கிள்வரை முகம் மாற்றிக்கொண்டார். விளையாட்டு, வந்தது, போனது. அந்தப் பாணியைக் கையால் வளர்த்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பது மட்டும் நெருடலாக நிற்கிறது.

சில்லறை வேலைகள்

அடி விழுந்திருப்பது வேறொரு இடத்தில். கண்காட்சியில் பெரிய விலைக்குப் போகிற ஓவியர் இன்றும் விற்கிறார். வாங்குகிறவர் சுவரில் மாட்டுவது படத்தோடு சேர்த்து அந்தப் பெயரையும்தான். சில்லறை வேலைகள்தான் போகின்றன: ஞாயிறு இதழின் சிறுகதைக்குப் படம், கவிதைத் தொகுதிக்கு அட்டை, சிறுவர் பாட்டுப் புத்தகத்துக்கு முயலும் ஆமையும், சங்கத்து ஆண்டு மலருக்குக் குத்துவிளக்கு. தமிழில் படம் கீறிப் பிழைத்த எவரும் இவற்றைச் செய்துதான் பழகினார்கள். காசு பெரிதாக இல்லை. ஒரு கதைப்படம் இரண்டு நாள் சாப்பாடு. கை பழகியது அங்கேதான்.

நான் மேலே சொன்ன படக்காரர் அப்படி வந்தவர். கதையை இரண்டு தரம் வாசிப்பார். பிறகு எழுத்தாளருக்கே போன் எடுப்பார். "அந்தக் கிழவர் செருப்புப் போடுறவரோ?" எழுத்தாளர் அதை யோசித்தே இருக்கமாட்டார். ஒரு எழுத்தாளர் அந்தக் கேள்விக்குப் பிறகு கதையில் ஒரு பத்தியை மாற்றினார். அந்தப் பக்கத்தை மறுபடி வடிவமைத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

படக்காரர்கள் முன்பும் அடி வாங்கியவர்கள்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்களையும் தியேட்டர்களுக்குக் கட்அவுட் வரைந்தவர்களையும் டிஜிட்டல் பதாகை இருபது வருடத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனாலும் அந்தப் பதாகைக்கு உள்ளே போகிற படத்தை யாரோ ஒருவர் செய்யத்தான் வேண்டியிருந்தது. பலர் தூரிகையை விட்டுக் கணினிக்கு மாறினார்கள். இம்முறை மாறிப்போக அடுத்த கதிரை இல்லை.

காலமும் சரியாகப் பொருந்தி வந்தது. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல், மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. குறைத்ததில் முதலில் போனது கதையும் கதைப்படமும். ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 12இல், மிட்ஜேர்னி எவரும் பாவிக்கலாம் என்று திறந்துவிடப்பட்டது. நெருக்கடி தணிந்து வேலைகள் திரும்பி வந்தபோது, மாதம் பத்து டொலருக்கு, அதாவது மூவாயிரம் ரூபாச் சொச்சத்துக்கு, நூற்றுக்கணக்கில் படம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. பழைய படக்காரரை யாரும் வேலையால் நிறுத்தவில்லை. திரும்பக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த யாருமில் நானும் ஒருவன்.

அதே ஜூலையில் காலிமுகத்திடலில் கிடந்த போராட்டப் பதாகைகளை நினைக்கிறேன். கார்ட்போட் மட்டையில் மூன்று மொழியிலும் கையால் எழுதியவை, எழுத்துப் பிழையோடும் ஒழுகின மையோடும். ஒன்றுகூட 'தரமான' படம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெயிலில் ஒரு ஆள் நின்றார். நாளைக்குப் பொலிஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள். இன்று அதே வாசகங்களை ஏஐயில் பளபளவென்று எடுத்துவிடலாம். அதைப் பார்த்து எவரும் அந்த வெயிலை நம்பப்போவதில்லை.

சட்டம் யாரைத் தேடுகிறது

படத்துக்குப் பின்னால் ஆள் எங்கே என்ற கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்குநர் என்றால் ஆக்கத்தை உருவாக்கிய இயற்கை மனிதர், அதாவது உடலும் உயிரும் உள்ள ஆள், என்று வரையறுக்கிறது. பதிப்புரிமை அவர் வாழும் காலமும் இறந்தபின் 70 ஆண்டும். பதிவு எதுவும் தேவையில்லை. கீறி முடித்த கணமே உரிமை வந்துவிடும். தன் பெயரைப் போடச் சொல்லவும், படத்தைச் சிதைத்துத் தன் மானத்தைக் கெடுத்தால் எதிர்க்கவும் ஆக்குநருக்கு உரிமை உண்டு. பொருளாதார உரிமையை விற்ற பிறகும் இது அவரோடு இருக்கும்.

ஏஐ படத்தில் அந்த இயற்கை மனிதர் யார்? என் செவ்வான அட்டையை நாளைக்கு வேறொரு பதிப்பகம் எடுத்து வேறொரு புத்தகத்துக்குப் போட்டால், "இது என் படம்" என்று நான் எந்த முகத்தோடு வழக்கு வைப்பது? அமெரிக்காவில் அலனின் பரிசுப் படத்துக்கே 2023 செப்டம்பரில் பதிப்புரிமைப் பதிவு மறுக்கப்பட்டது. மனிதர் எவரும் இல்லாமல் இயந்திரம் தானே ஆக்கியதற்கு உரிமை கிடையாது என்று 2025 மார்ச்சில் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று 2023இல் இதற்கு மாறாக, கட்டளையைச் செதுக்கியவருக்கே உரிமை கொடுத்தது. ஆக, உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பழக்கத்துக்கு எடுத்த படங்களின் பக்கமும் இதே இழுபறி. அமெரிக்க ஓவியர்கள் மூவர் 2023 ஜனவரியில் ஏஐ நிறுவனங்கள்மேல் தொடுத்த வழக்கை முழுவதுமாகத் தள்ளிவிடாமல் நீதிபதி 2024இல் முன்னே போக விட்டார். லண்டனில் கெற்றி இமேஜஸ் என்ற ஒளிப்பட நிறுவனம் தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு, பழக்கிய மென்பொருளுக்குள் படங்களின் பிரதி சேமிக்கப்பட்டிருக்கவில்லை என்ற அடிப்படையில் பெரும்பாலும் ஸ்டேபிள் டிஃபியூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் பக்கம் போனது; கெற்றியின் நீர்க்குறி சில படங்களில் தலைகாட்டிய வகையில் மட்டும் வியாபாரக் குறி மீறல் என்றது. பாணிக்கு எந்த நாட்டுச் சட்டமும் வேலி கட்டுவதில்லை. கட்டக்கூடாது என்பதுதான் என் கட்சியும். கட்டினால் ஒரு குருவிடம் சிட்சை பெற்ற எவரும் கையை அசைக்க முடியாது.

கிரீன் பாத் என்று இன்றும் பழைய ஆக்கள் சொல்கிற வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். நெலும் பொகுண அரங்குக்குப் பக்கத்தில், மரநிழலில், நடைபாதை ஓவியர்கள் கன்வசுகளைச் சாத்தி வைத்திருப்பார்கள். 1993இல் தொடங்கிய 'கலா பொல' ஓவியச் சந்தையும் இந்த வீதியில் கூடுவதுதான். 1877இல் கொழும்பில் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த அந்தக் கலை ஆய்வாளர், கண்டிக் காலத்துச் சிங்களக் கைவினை பற்றிய தன் பெரிய நூலை 1908இல் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். அதுவும் வில்லியம் மொரிஸ் பாவித்த கையச்சு இயந்திரத்தில். ஆலைச் சரக்கு வந்து கைவினைஞனின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது அவருடைய தீராத கவலை. அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது; பரம்பரைத் தொழில் என்ற பெயரில் சாதியைக் கொஞ்சம் வடிவாகவே பார்த்துவிட்டார். ஆனால் ஆலைத் துணி வந்த காலத்தில் நெசவாளி இழந்தது கூலியை மட்டுமில்லை, வீட்டுக்கு வந்து "என்ன கரை போடட்டும்?" என்று கேட்கிற உரிமையையும்தான். இப்போது படக்காரர் இழந்துகொண்டிருப்பது அது.

அம்மம்மாவின் படத்தைக் கடைசியில் அந்தப் பழைய படக்காரரிடம்தான் கொண்டுபோனேன். நான் ஏஐயில் செய்த புத்தக அட்டைக் கதை ஒன்றும் தெரியாததுபோல வாங்கிப் பார்த்தார். "மனிசி மூக்குத்தி போட்டவவோ?" என்றார். ஓம் என்றேன். "எந்தப் பக்கம்?"

மாமாவுக்குப் போன் எடுத்தேன். வலது என்றார், சந்தேகமே இல்லையென்று. சின்னம்மா இடது என்றா. வாட்ஸ்அப் குழுவில் அரை மணித்தியாலம் சண்டை. பிறகு கொட்டாஞ்சேனை ஆச்சியிடம் கேட்டோம். அம்மம்மாவின் மச்சாள், வயது 88. "ரெண்டு பக்கமும் குத்தினவ" என்றா ஆச்சி. "இடம்பெயர்ந்து போன இடத்திலை ஒண்டைக் கழட்டி வித்துத்தான் பிள்ளையளுக்கு அரிசி வாங்கினவ. உங்களுக்கு அது தெரியாதோ?" எங்கள் எவருக்கும் தெரியாது. அந்த அரிசியைத் தின்று வளர்ந்த மாமாவுக்கும் தெரியாது.

நான் போனை வைத்தபோது படக்காரர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். "அட்டை எடுத்தது இடம்பெயர முன்னமோ, பின்னமோ?"

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் 1991 என்று இருந்தது.

"அப்ப ரெண்டையும் போடுவம்" என்றார்.